பெரட்டுக்கு வந்த சப்பாத்து

பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் ஏறாத உயரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீட்டில் இருக்கும் ராக்காயிக்குக் கோபக்காரி என்று பேர். பேர் வைத்தவர்களில் ஒருவராவது அவள் ஏன் கோபப்பட்டாள் என்று கேட்டதில்லை. நாற்பத்து நாலு வயதுக்குள் வலது காலில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவள் கோபப்படாமல் கோலாட்டமா ஆடுவாள்?

பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள் அவள். அன்று முதல் மலை ஏறினதும் இறங்கினதும் மழையில் வழுக்கி விழுந்ததும் எல்லாம் வெறுங்காலோடுதான். அந்தக் கால் எழுபத்தொன்பதாம் வருடம் எரிய ஆரம்பித்தது. மிளகாயை அரைத்துப் பாதத்தில் பூசின மாதிரி எரிச்சல். படுத்தால் தூக்கம் இல்லை. கூடவே தாகம். ஒரு போத்தல் தண்ணீர், காலையில் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் காலியாகிவிடும். அப்புறம் மணிக்கு ஒரு தரம் செடி மறைவுக்குப் போக வேண்டும்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் ஒரு டாக்டர் ஐயா இருந்தார். அவர் டாக்டர் இல்லை. மருந்து கலந்து கொடுக்கப் படித்தவர். ஆனால் தோட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்டு மருந்து வாசம் அடித்தால் டாக்டர்தான். ஜன்னலுக்கு வெளியே நின்ற ராக்காயியிடம் அவர் நாக்கை நீட்டச் சொன்னார். காலைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்க எழுந்து வெளியே வர வேண்டும், அது அவருக்குச் சிரமம்.

"குளுருல நிக்கிற காலு எரியத்தான் செய்யும்," என்றார்.

"ராத்திரியெல்லாம் தண்ணி தாகம்ங்க. அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கு."

"தண்ணியக் குடிச்சா ஒதுங்கத்தானே வேணும்?" என்று சிரித்து, பத்து மஞ்சள் வில்லையைக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார்.

ஒரு சொட்டு மூத்திரத்தைக் குழாயில் பிடித்து, நீல மருந்து விட்டுச் சுட வைத்திருந்தால், அது செங்கல் நிறத்துக்கு மாறி உள்ளதைச் சொல்லியிருக்கும். அந்தக் குழாயும் அந்த நீல மருந்தும் அவருக்குப் பின்னால் இருந்த அலுமாரியிலேயே இருந்தன என்று பிற்பாடு தெரியவந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ராக்காயி அந்த ஜன்னலுக்குப் போனாள். அலுமாரி ஒரு நாளும் திறக்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், ஒரு வருடத்தில் எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது. ராக்காயி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். எரிச்சல் போன கையோடு காலில் வேறு எதுவுமே தெரியாமல் போனது. குளிர் தெரியவில்லை, கல் குத்துவது தெரியவில்லை. அட்டை கடித்து இரத்தம் கணுக்கால் வரை ஓடினாலும், பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் லெட்சுமி சொன்னால்தான் உண்டு.

லெட்சுமி அதே லயத்தில் மூன்றாவது காம்பராக்காரி, கல்யாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்த பெண். அவள்தான் முதலில் பொறாமைப்பட்டாள்.

"என்னத்தப் பூசுறீங்க அத்தே? எனக்குந்தான் சொல்லுங்களேன். இந்த அட்டைக்கடியில உசுரு போவுது."

"முப்பது வருசம் இந்த மலைய மிதிச்ச காலுடி," என்றாள் ராக்காயி. "காச்சுப் போச்சு. இனிமே ஒண்ணும் செய்யாது."

மலையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அதை நம்பினார்கள். அட்டை நிறைந்த மலையில் அட்டைக்கடி தெரியாத கால் வரம் இல்லாமல் வேறென்ன? சிலர் அவளுடைய பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார்கள். ராக்காயிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. செத்துப்போன காலைப் பார்த்து ஒரு தோட்டமே கண் வைத்தது என்றால் யாரை நொந்துகொள்வது?

எண்பத்தோராம் வருடம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்த மலையில் நடந்தபோது வெட்டுக்குச்சி ஒன்று சுண்டுவிரல் அடியில் ஏறியது. அன்று முழுவதும் அதோடு நடந்தாள். மாலையில் லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் கால் கழுவும்போதுதான் குச்சியைக் கண்டாள். கண்டதும் பிடுங்கிப் போட்டாள். வலிக்கவே இல்லை, ஆகவே கவலையும் இல்லை. மருந்துக் காம்பராவில் ஊதா மருந்து தடவினார்கள். மூன்று வாரத்தில் விரல் கறுத்து, காம்பராவுக்குள் நாற்றம் வந்தது. அவளுடைய புருஷன் சிவசாமி நாலு பேரைச் சேர்த்து, கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் இறக்கி, டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

அங்கேதான் அவளுடைய காலை முதன்முதலாக ஒரு மனுஷி கையில் எடுத்துப் பார்த்தாள். சிங்கள டாக்டரம்மா, தமிழ் அரைகுறை. கூடவே நின்று தமிழில் சொன்னவள் பெற்றீசியா என்ற மிஸ்ஸி, றொசல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்துக் காம்பராவில் பிறந்து நர்ஸுக்குப் படித்தவள். டாக்டரம்மா ஊசி முனையால் பாதத்தில் குத்திக் குத்திக் கேட்டாள். ராக்காயி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் குத்த ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு நீரிழிவு. சீனி வியாதி," என்றாள் பெற்றீசியா. "ரத்தத்துல சீனி ஏறி ஏறி நரம்பத் தின்னுடுச்சு. நீட்டமான நரம்புதான் மொதல்ல கெடும், அதான் காலுல ஆரம்பிச்சிருக்கு. எரிஞ்சிச்சில்ல? அப்ப நரம்பு கத்துச்சு. கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு."

"நான் சொகமாயிருச்சுனு தேங்கா ஒடச்சேன் மிஸ்ஸி."

பெற்றீசியா அதை டாக்டரம்மாவுக்குச் சொல்லவில்லை.

"திரும்பி வருமா?"

இதற்கு டாக்டரம்மா நிறையப் பேசினாள். பெற்றீசியா நிதானமாகச் சொன்னாள். நரம்பைத் தைக்க ஊசியும் இல்லை, வளர்க்க மருந்தும் இல்லை. சீனியை அடக்கி வைத்தால் அரை உயிராகக் கிடக்கிற நரம்பு மெல்ல மெல்லத் தேறலாம், மாதக் கணக்கில், வருடக் கணக்கில். முழுதாகச் செத்தது செத்ததுதான். அதுவரைக்கும் காலில் காயம் படவே கூடாது. காலையிலும் மாலையிலும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சுடுதண்ணீரைக் காலால் தொடாமல் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு ஒரு அடி நடக்கக் கூடாது, காம்பராவுக்குள்ளேயும் கூடாது. சப்பாத்துப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

"இனிமே ஒங்க கண்ணுதான் அக்கா ஒங்க நரம்பு," என்றாள் பெற்றீசியா.

வேலைக்குச் சப்பாத்தோடுதான் நிற்க வேண்டும் என்று டாக்டரம்மா தோட்டத்துக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தாள்.

ராக்காயி சொன்னதைச் செய்தாள். கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிக்கும் வெறுந்தேயிலைச் சாயத்தண்ணியை விட்டாள். அது சின்னக் காரியம் இல்லை. குளிரில் நின்று வேலை செய்கிறவளுக்கு அது ஒன்றுதான் ருசி. மாத்திரையை ஒரு நாள் தவறவிடவில்லை. சிவசாமி பூண்டுலோயாக் கடையில் ஒரு சைஸ் பெரிதான கன்வஸ் சப்பாத்து வாங்கி வந்தான். அதைப் போட்டுக்கொண்டு அவள் லயத்தில் இறங்கி நடந்தபோது, "துரைசானி வாறாங்க, வழி விடுங்க!" என்று கூவினார்கள். கூவிவிட்டுப் போகட்டும். அவள் அதற்கெல்லாம் கோபப்படவில்லை.

கோபம் பெரட்டில் வந்தது. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்து மைதானத்தில் விடியற்காலம் எல்லோரும் நிரையாக நின்று பேர் கொடுத்து வேலை வாங்குகிற இடம்தான் பெரட்டு. அந்த மைதானத்துக்குள் தொழிலாளி யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு வரக்கூடாது. செருப்பு வைத்திருப்பவர்கள் மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார துரை காலத்து வழக்கம். அந்த துரை கப்பலேறி ஏழு வருடம் ஆகிவிட்டது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, சிங்கள துரைமார் மூன்று பேர் வந்து மாறினார்கள். செருப்பு மட்டும் கான் ஓரத்திலேயே கிடந்தது.

அதைக் காவல் காத்தவர், பேர் போட்டு வேலை கொடுக்கும் கந்தப்பன் கணக்கப்பிள்ளை. அவருடைய தகப்பன் கங்காணி. தாத்தா, இந்தத் தொழிலாளிகளுடைய தாத்தாக்களோடு இந்தியாவிலிருந்து ஒரே தோணியில் வந்தவர். அவர் காலில் தோல் சப்பாத்து, முழங்கால் வரை இழுத்த மேசுக் காலுறை. ராக்காயி துண்டை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மலையில போட்டுக்க, நான் வேணாங்கல. பெரட்டுல கழட்டிட்டு நில்லு. அஞ்சு நிமிசந்தானே?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். ராக்காயி கழற்றினாள். அதை நினைத்துத்தான் பின்னால் அவள் பல்லைக் கடித்தாள். கழற்றினாள், கான் ஓரத்தில் வைத்தாள், நின்றாள். எட்டு மாதம் அப்படியே நின்றாள்.

எண்பத்திரண்டு ஜூனில் ஒரு காலை, ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடித்த இடத்தில் இருந்து தெறித்த ஆணி ஒன்று மைதானத்தில் கிடந்தது. பனி மூட்டம். ராக்காயி பெரட்டு முடிந்து வந்து, மிஸ்ஸி சொன்னபடி சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவினாள். உள்ளே ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? ஆணி ஏற்கெனவே அவளுடைய கட்டைவிரல் அடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன்மேல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மலை ஏறினாள். மாலையில் கழற்றியபோது சப்பாத்து இரத்தத்தில் ஊறிப் பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பட்ட காலிலே படும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தானாகவா பட்டது? பட வைத்தார்கள்.

கட்டைவிரலும் போனது.

டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. சிங்களத்தில் படபடவென்று ஏதோ கேட்டாள்.

"ஏன் கழட்டுனீங்கன்னு கேக்குறாங்க," என்றாள் பெற்றீசியா.

"மரியாதைக்கு மிஸ்ஸி."

பெற்றீசியாவின் அப்பாவும் ஏதோ ஒரு கான் ஓரத்தில் செருப்பு வைத்தவராகத்தான் இருப்பார். அவள் அதைச் சிங்களத்தில் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. யாருக்கு மரியாதை என்று திரும்பக் கேட்டாள்.

"இன்னொரு புண்ணு வந்தா வெரலு இல்லையாம். மொழங்காலுக்குக் கீழ எடுத்துருவாங்களாம்," என்றாள் பெற்றீசியா. "வெளங்குதா அக்கா?"

விளங்கியது. ஒற்றைக் காலோடு மலை ஏற முடியாது. மலை ஏறாதவளுக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் கிடையாது, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் கிடையாது.

காயம் ஆற நாலு மாதம் பிடித்தது. கடைசி கிளினிக்கில் டாக்டரம்மா ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே கணுக்கால் எலும்பில் வைத்தாள். முதல் தரம் வைத்தபோது ஒன்றும் தெரியாத இடம் அது. இப்போது உள்ளே லேசாகக் குறுகுறுத்தது.

"தெரியுது!" என்று ராக்காயி கத்திவிட்டாள். "மிஸ்ஸி, குறுகுறுங்குது!"

பெற்றீசியா அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "வருதுக்கா. மெல்லமா வருது. இனிமே அத விட்டுராதீங்க."

மறு திங்கட்கிழமை ராக்காயி பெரட்டுக்குச் சப்பாத்தோடு வந்தாள். கான் ஓரத்தில் நிற்கவே இல்லை. நேரே நிரையில் போய் நின்றாள்.

"கழட்டு," என்றார் கந்தப்பன்.

"மாட்டேங்க."

"என்னா சொன்ன?"

"மாட்டேன்னு சொன்னேன். ஒரு வெரலு மலைக்குக் குடுத்தாச்சு, ஒரு வெரலு ஒங்க மைதானத்துக்குக் குடுத்தாச்சு. காலக் குடுக்க மாட்டேன்."

கந்தப்பன் கையில் இருந்த செக்ரோலை மூடினார். "இன்னைக்கு நீ நிப்ப. நாளைக்கு எல்லாவளும் நிப்பாளுக. அப்பறம் எவ எனக்குப் பயப்படுவா? பேர் கெடையாது. போ வீட்டுக்கு."

ராக்காயி வீட்டுக்குப் போகவில்லை. மைதானத்திலேயே உட்கார்ந்தாள். செவ்வாய், புதன், வியாழன், அதே கதை. அவர் கழட்டு என்பார், இவள் மாட்டேன் என்பாள், பேர் விழாது. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து போனார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன் வந்து, "ஊரோட ஒத்துப் போகணும் ராக்காயி. இது ஒரு சின்ன விசயம். இதுக்குப் போயி சங்கம் பேசுனா சிரிப்பாங்க," என்றார்.

"ஒங்க வெரலக் குடுங்க தலைவரே, நான் ஒத்துப் போறேன்," என்றாள்.

வீட்டில் சிவசாமியும் அதையே வேறு மாதிரி பாடினான். நல்ல மனுஷன்தான், கம்பளியில் தூக்கிப் போனவன்தான். ஆனாலும் பயம்.

"கழட்டிட்டு அஞ்சு நிமிசம் நின்னுட்டுப் போட்டுக்கயேன் புள்ள. அவரப் பகைச்சுக்கிட்டு என்னா செய்யப் போறோம்?"

"அந்த அஞ்சு நிமிசத்துலதான் ஆணி ஏறுச்சு," என்றாள். "நரம்பு இப்பத்தான் திரும்பி வருது. வர்றவள வாசல்லயே அடிச்சு வெரட்டச் சொல்றீங்களா?"

சிவசாமி எழுந்து வெளியே போனான்.

வெள்ளிக்கிழமை அவள் மைதானத்தில் உட்காரவில்லை. பங்களா ரோட்டின் வளைவில், நட்ட நடுவில் நின்றாள். துரையின் ஜீப் வந்தது. பின் சீட்டில் கந்தப்பன். ஹோர்ன் அடித்தும் அவள் நகரவில்லை. ஜீப் அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. துரை வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், இளவயது. தலையை வெளியே நீட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சத்தம் போட்டார்.

"என்ன இது? சாகப் பாக்குறதா?"

"சாக இல்லீங்க தொரை. சப்பாத்துப் போட," என்று துண்டை நீட்டினாள்.

அவர் படித்தார். அவளுடைய காலைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதுல என்ன பிரச்சினை? போட வேண்டியதுதானே. யார் வேணாம்னு சொன்னது?"

"பெரட்டுல போடக் கூடாதுனு சட்டம்ங்களே."

"எந்த சட்டம்? நான் அப்படி ஒண்ணும் சொல்லல்லையே." துரை பின்னால் திரும்பினார். "கந்தப்பன், என்ன சட்டம் இது?"

"அது… பழைய வெள்ளக்கார தொரை காலத்து வழக்கம்ங்க சார். அப்படியே வந்துச்சு."

"அவர் போய் எவ்வளவு காலம்!" என்று துரை சிரித்தார். உண்மையாகவே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "நான் பெரட்டுல இவங்க காலையே பாத்தது இல்ல. போடு, போடு," என்று கையை அசைத்தார். ஜீப் போய்விட்டது.

ராக்காயி ரோட்டிலேயே நின்றாள். ஜெயித்தவள் சந்தோஷப்பட வேண்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. துரை அடித்து விரட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. யாருமே போடாத சட்டத்துக்கு, யாருமே கேட்காத மரியாதைக்கு, கட்டைவிரலைக் கொடுத்திருக்கிறாள்.

செய்தி அன்று மாலைக்குள் லயம் லயமாகப் போய்விட்டது. ஆகவே மறுநாள் காலை பெரட்டுக்கு வந்தவள் கான் ஓரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நாற்பது சோடிக்குக் குறையாத செருப்பு, என்றைக்கும் போல வரிசையாகக் கிடந்தது. சட்டம் இல்லை என்று தெரிந்த பிறகும் கழற்றி வைத்துவிட்டுப் போய் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவளுக்குத் தலைக்கு ஏறியது. கூடையை முதுகில் இருந்து இறக்கி, இரண்டு கையாலும் செருப்புகளை அள்ளி அள்ளி அதற்குள் எறிந்தாள். தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி மைதானத்தின் நடுவே போய்க் கவிழ்த்தாள்.

"ஏய், கொழுந்து போடுற கூடையில…" என்று ஆரம்பித்தார் கந்தப்பன்.

"நீங்க பேரக் கூப்புடுங்க, ஒங்க வேல அதுதான்," என்று அவரைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, நிரையைப் பார்த்துக் கத்தினாள். "எனக்கு நரம்பு செத்துப்போச்சு, டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்க. ஒங்க எல்லாருக்கும் நல்லாத்தானேடி இருக்கு? கல்லு குத்தலயா? குளுரலயா? எடுத்துப் போடுங்கடி!"

யாரும் அசையவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு லெட்சுமி நிரையை விட்டு வந்தாள். குவியலைக் கிளறித் தன்னுடைய நீலச் செருப்பை எடுத்தாள். போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு ராக்காயியை நேராகப் பார்த்தாள்.

"கல்யாணங்கட்டி வந்த மொத நாளு இதே எடத்துல செருப்போட வந்து நின்னேன் அத்தே. எல்லாரும் பாக்க என்னய வஞ்சு, கழட்ட வச்சது கணக்கப்புள்ள இல்ல. நீங்க."

ராக்காயிக்கு நினைவிருந்தது. புதுப்பெண்ணுக்கு மரியாதை கற்றுக் கொடுத்ததாக அன்று மாலை லயத்தில் பெருமையடித்ததும் நினைவிருந்தது. கந்தப்பன் அந்தக் காலையில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"ஆமாடி, நாந்தான் வஞ்சேன்," என்றாள். குரல் உடைந்தது, கோபம் உடையவில்லை. "இப்ப என்னயச் சேத்துத்தான் வையிறேன். போடு."

லெட்சுமி செருப்பைக் கீழே வைத்துக் காலை நுழைத்தாள்.